சாய்ந்த கட்டடமும் பதினைந்தடிக் கம்பியும்

கண்டியில் ஒரு ஒபிஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரையில் இருந்து நாலேகால் வரை வவுச்சர், பேரேடு, மறுபடியும் வவுச்சர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கெமராவைத் தூக்கிக்கொண்டு பெரிய கட்டடங்களைத் தேடிப் போய்விடுவேன். மலைநாட்டில் இருந்துகொண்டு அருவியையும் மூடுபனியையும் விட்டுவிட்டு சிமெந்துச் சுவரைப் படம் பிடிக்கிறானே என்று வீட்டில் சிரிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவனுக்கு மாடிக் கட்டடத்தின் மேல் இருக்கும் மோகம் அவர்களுக்கு எங்கே விளங்கும்? சின்ன வயதில் நான் பார்த்த ஒரே மாடிக் கட்டடம் எங்கள் தோட்டத்து ஸ்டோர்தான். தேயிலைத் தொழிற்சாலை என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். எங்களுக்கு அது ஸ்டோர்.

மோகம் இருந்து என்ன, முதல் இரண்டு வருடம் எடுத்த படங்களில் ஒரு கட்டடமாவது நேராக நிற்கவில்லை. எல்லாம் பின்பக்கமாக மல்லாந்து விழப்போகிற மாதிரியே இருந்தன. ரொம்ப வருத்தம் தந்தது நுவரெலியா தபால் கந்தோர். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், உச்சியில் மணிக்கூட்டுக் கோபுரம். விடியற்காலை பஸ்ஸில் ஏறி, குளிரில் விறைத்துப் போய் எடுத்த படம் அது. வீட்டில் கணினியில் திறந்தால் கோபுரம் தள்ளாடிக்கொண்டு நிற்கிறது.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கெமராவுக்குள் படம் விழுகிற சென்சார் தட்டும் எதிரே இருக்கும் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்வரை, செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும். உச்சி படத்தில் அடங்கவில்லையே என்று கெமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தீர்களோ, தண்டவாளம் தூரத்தில் போய் ஒட்டுகிற மாதிரி சுவர்களும் மேலே போய் ஒட்டத் தொடங்கும்.

இதற்கென்றே ஷிப்ட் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. கெமரா நேராக நிற்க, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். விலையைக் கேட்டேன். நம் காசுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேலே. கேட்டதோடு சரி.

அடுத்தது கணினி. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் சாய்ந்த கோடுகளை இழுத்து நிமிர்த்தும் வசதி உண்டு. நிமிர்த்துகிறதுதான், ஆனால் கீழ் மூலைகள் இரண்டும் வெறுமையாகிவிடும், அதை வெட்டப் போனால் மேலே இரண்டு பக்கமும் போய்விடும். கோபுரத்தின் நுனிக்கு மேல் வானம் தாராளமாக விட்டு எடுக்காதவன் நுனியையும் இழப்பான். இழுபட்ட மேல்மாடி கஞ்சி போட்டு நனைத்த துணி மாதிரி குழைந்து தெரியும். முழுசாக நிமிர்த்தினால் இன்னொரு கோளாறு: தலை பெருத்துப் போன மாதிரி ஒரு தோற்றம். அண்ணாந்து பார்க்கும்போது மேலே கொஞ்சம் குறுகித் தெரிந்துதானே நம் கண்ணுக்குப் பழக்கம். அதனால் பத்தில் ஒரு பங்கு சாய்வை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். மற்றவர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

கடைசியில் காசு செலவில்லாத ஒரு வழி கைவந்தது. கெமராவை நிமிர்த்திப் பிடித்து, அதாவது படம் உயரவாட்டில் விழும்படி வைத்து, துளியும் சாய்க்காமல் எடுத்துவிடுவது. கீழ்ப்பாதி முழுக்க வெறும் தார் ரோடாக விழும். வெட்டி எறிந்தால் தீர்ந்தது. என்னிடம் இருப்பது கெனன் 200டி, 18-55 லென்ஸ். படத்துக்கு 6000க்கு 4000 புள்ளிகள். பாதியை வெட்டினாலும் சுவரில் மாட்டும் அளவுக்கு மிச்சம் இருக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பவனுக்கு இதுவாவது வர வேண்டாமா? 18 மில்லிமீட்டரில், உயரவாட்டில், கெமரா மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரம் படத்தில் விழும் என்றால், சுவருக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஆறு மீட்டர். நான் எடுக்க ஆசைப்பட்டது டவுனில் ஒரு நாலு மாடிப் பழைய கடைக் கட்டடம். மாடிகளை எண்ணி, முகப்புச் சுவரையும் சேர்த்து 14 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். கண் மட்டத்தில் ஒன்றரை மீட்டரில் கெமரா இருந்தால் மேலே இன்னும் பன்னிரண்டரை மீட்டர் வேண்டும். அதற்கு 20 மீட்டருக்கும் கூடத் தள்ளி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கக் கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டி நின்றாலும் எனக்குக் கிடைத்தது 16 மீட்டர். குயின்ஸ் ஹோட்டல் மாதிரி ஏரிப்பக்கமாக ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளே போகப் போகக் கண்டித் தெருக்களில் அந்த வசதி கிடையாது.

கெமராவை நாலரை மீட்டருக்கு உயர்த்தினால்? மேலே வேண்டியது ஒன்பதரை மீட்டர். அதற்கு 16 மீட்டர் போதும். கொஞ்சம் மிஞ்சும். டிரோன் வாங்கச் சொன்னான் ஒரு நண்பன். அதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். அதைவிட, புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை உள்ள ஊரில் வானத்தில் எதையாவது பறக்கவிடுவதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது. ஆக, கெமராவை நுனியில் பூட்டித் தூக்க ஒரு நீளக் கம்பிதான்.

ஹார்ட்வெயாரில் எட்டடி அலுமினியக் குழாய் இரண்டு எடுத்தேன். ஒன்று ஒன்றரை இஞ்சி, மற்றது அதற்குள் வழுக்கிப் போகிற அளவு. ஓரடி உள்ளே விட்டுப் பூட்டினால் பதினைந்தடி. ஒன்றுக்குள் ஒன்று லொடலொடக்கக் கூடாது. சைக்கிள் டியூபை வெட்டி உள்குழாயில் இரண்டு இடத்தில் சுற்றினேன். பூட்டுவதற்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளிப். இந்தக் கிளிப்பை நம்பியதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். அது பின்னால் வரும்.

உச்சியில் கெமராவைப் பூட்ட ஒரு போல்ட் வேண்டும். கடைக்காரர் 6 மில்லிமீட்டர் போல்ட்டைக் கொடுத்து, "இதுதான் தம்பி, எல்லாத்துக்கும் சேரும்" என்றார். கெமராவின் அடியில் வைத்துத் திருகினேன். இரண்டு சுற்றுப் போய் இறுகின மாதிரிக் காட்டியது, இழுத்தால் ஆடியது. கெமராக்களின் அடியில் இருப்பது கால் இஞ்சி மரை, இஞ்சிக்கு 20 சுற்று. கால் இஞ்சி என்றால் 6.35 மில்லிமீட்டர், சுற்றுக்குச் சுற்று 1.27 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டில் அது சரியாக 1 மில்லிமீட்டர். பலவந்தப்படுத்தித் திருகினால் கெமராவின் மரைதான் போகும். கண்டியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கும் மில்லிமீட்டர்தான்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு ஒன்றாக வேலை செய்தவர். கெமராவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் அந்தத் துளையைத் தடவினார்.

"இது விட்வொர்த்துடா. கால் இஞ்சி."

உள்ளே போய் ஒரு பழைய பால்மா டின்னை எடுத்து வந்து திண்ணையில் கொட்டினார். முப்பது வருடத்து மிச்சம்: நட், வாஷர், அறுந்த பெல்ட்டின் கொக்கி. அதிலிருந்து ஒரு போல்ட்டைப் பொறுக்கிக் கொடுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போய் உட்கார்ந்தது.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841இல் போல்ட் மரைகளுக்கு ஒரே அளவு வகுத்தார். அந்த நாட்டு இயந்திரங்கள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் அந்த மரையும் போனது. பெல்பாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த சிரோக்கோ உலர்த்திகள் நம் மலைகளுக்கு வந்ததும் அப்படித்தான். கெமராக்காரர்களும் ஆரம்பத்தில் அந்தக் கால் இஞ்சியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது கெமராவில் இருப்பது அமெரிக்க அளவு. மரையின் கோணம் 55 பாகைக்குப் பதிலாக 60. சுற்று இரண்டிலும் 20 என்பதால் ஒன்றில் ஒன்று சேரும். தேயிலை அரைத்த ரோலரில் இருந்த போல்ட்டும் ஜப்பான் கெமராவும் தூரத்து உறவுக்காரர்கள் என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

போல்ட்டின் தலையை மேல் குழாயின் மூடிக்குள் வைத்து வெல்டிங் கடையில் பற்றவைக்கப் பார்த்தேன். இரும்பும் அலுமினியமும் ஒட்டாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பலா மரத்துண்டு ஒன்றைக் குழாய்க்குள் இறுக்கமாகச் சீவி அடித்து, அதன் நடுவே துளைபோட்டுப் போல்ட்டைக் கீழிருந்து ஏற்றினேன். மேலே ஒரு ரப்பர் வாஷர். இதுவரைக்கும் அசையவில்லை. கெமராவும் லென்ஸும் சேர்ந்து 670 கிராம் அளவுதான் என்பதால் இவ்வளவு போதும். பெரிய கெமராவுக்கு இதைச் செய்யாதீர்கள்.

கம்பி நேராக நிற்கிறதா என்று எப்படித் தெரியும்? ரசமட்டக் குமிழ் வாங்கி ஒட்டினேன். பதினைந்தடிக் கம்பியில் அது கீழே காட்டும் நேர் வேறு, மேலே இருக்கும் நேர் வேறு. குழாய் வளைகிறது. மேசன் பாஸ்மார் செய்வதைத்தான் கடைசியில் நானும் செய்தேன்: உச்சியில் இருந்து நூல் கட்டி, நுனியில் ஒரு கனத்த நட்டைத் தொங்கவிட்டேன். தூக்குக்குண்டு. நூல் கம்பியை ஒட்டியே வந்தால் நேர். இரண்டு பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கெமராவில் தெரிவதை வைஃபை மூலம் கைபேசியில் பார்க்கலாம். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, தெருவோரத்துச் சன்னல் விளிம்பைக் கோட்டோடு சேர்த்தால் மிச்சச் சாய்வும் பிடிபடும்.

முதல் சோதனை வீட்டு முற்றத்தில். நல்லவேளை, முற்றத்தில். மாலை தூறல் போட்டிருந்தது. கம்பியை ஏற்றி மூன்று படம் எடுத்திருப்பேன். நனைந்த டியூப் ரப்பர் வழுக்க, கிளிப் பிடி விட, மேல் குழாய் சர்ரென்று கீழ்க்குழாய்க்குள் இறங்கியது. கெமரா தரையில் விழவில்லை. ஆனால் இறங்கிய வேகத்தில் வந்து என் பெருவிரலில் மோதியது. நகம் கறுத்துப்போய் இரண்டு வாரம் வவுச்சரில் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. கிளிப் என்பது அழுத்திப் பிடிப்பது. எடையைத் தாங்குவதற்கு அதை நம்பக்கூடாது. இரண்டு குழாயையும் சேர்த்து ஊடுருவத் துளையிட்டு, ஒரு போல்ட்டைக் குறுக்கே போட்டுப் பூட்டினேன். கிளிப் ஆட்டத்தைக் குறைக்க மட்டும் இருக்கிறது. இன்னொன்று, கெமராவின் வாரை எப்போதும் கம்பியில் தனியாகக் கட்டிவைப்பேன். செலவு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குள்.

கண்டியில் படம் எடுக்கப் பௌர்ணமிப் போயா நாள் சரிவராது. ஒபிஸ் லீவுதான், ஆனால் மாளிகைக்கு வரும் சனத்தில் கம்பியை நிறுத்த ஓர் அடி இடம் கிடைக்காது. ஞாயிறு காலை ஆறரைதான் நல்ல நேரம். கடை ஷட்டர்கள் மூடியிருக்கும், முன்னால் வேன் நிற்காது. ஆனால் வெயில் வர வேண்டுமே. நான் எடுத்த கட்டடம் வடக்குப் பார்த்தது. நாம் இருப்பது வடக்கே ஏழு பாகை சொச்சத்தில். ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டுக்கும் இடையிலான மாதங்களில் மட்டும் மதியத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மிச்ச மாதங்களில் வடக்குச் சுவர் பெரும்பாலும் நிழலிலேயே கிடக்கும். வெயில் கிடைக்கும் அந்த மாதங்களில்தான் தென்மேல் பருவமழையும் மலையின் மேற்குச் சரிவில் கொட்டும். இதை விளங்கிக்கொள்ளாமல் ஒரு ஜனவரி முழுக்க ஞாயிறுதோறும் போய் வெறும் கையோடு திரும்பியிருக்கிறேன். ஜூனில் ஒருநாள் மழை விட்டுவைத்தது. அப்போது சூரியன் கிழக்கில் நன்றாக வடக்கே தள்ளி உதிக்கும். காலை வெயில் வடக்குச் சுவரில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். பூச்சு வேலையில் இருக்கும் ஒவ்வொரு பூவும் இலையும் நிழலோடு எழுந்து நிற்கும்.

மச்சானைக் கம்பி பிடிக்கக் கூட்டிப் போனேன். கம்பியை ஏற்றியவுடனே பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டி ஐயா வந்துவிட்டார். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு யாரும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலே கேட்கிறார்கள். கேட்பதில் பிழையும் இல்லை. சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். கைபேசித் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மல்லி, இடதுபக்கம் சரிஞ்சிருக்கு" என்று தமிழிலேயே சொன்னார். சரிந்துதான் இருந்தது.

அகலம் போதவில்லை. 16 மீட்டரில் உயரவாட்டுப் படம் ஒன்றில் பதின்மூன்று மீட்டர் அகலம்தான் விழும். கம்பியை முழுதாகத் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்தேன், ஒவ்வொன்றும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேவும்படி. வெளிச்சமும் குவியமும் மாறாதபடி எல்லாவற்றையும் கையால் பூட்டிவைத்துக்கொள்ள வேண்டும். காற்றில் கம்பி ஆடும் என்பதால் ஷட்டர் 1/250க்குக் குறையக்கூடாது. ஹூகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டினேன். சன்னல் விளிம்புகளில் செங்குத்துக் கோடு என்று நாமே குறித்துக் கொடுத்தால் அது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுவர் அழகாக ஒட்டியது. ஒட்டாதது குறுக்கே போகும் கரண்ட் கம்பியும் டெலிபோன் கம்பியும்தான். கெமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள், திருப்பும்போது இடம் மாறிவிடும். மூன்று இடத்தில் கம்பிகள் அறுந்து தொங்கின. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அவற்றைக் கையால் முடிச்சுப் போட்டேன், கணினியில்.

கட்டடம் நின்றது. தூக்குக்குண்டு விட்ட மாதிரி.

இதற்கு நடுவே லென்ஸில் பூஞ்சணம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். மழைமாதத்தில் கெமராவைத் துணிப்பையில் போட்டு அலுமாரியில் வைத்தால், சிலந்தி வலை மாதிரி கண்ணாடிக்குள் படரும். லென்ஸைக் கழற்றித் துடைக்கப் போய் ஒன்றைப் பாழாக்கியும் இருக்கிறேன். இப்போது இறுக மூடும் பிளாஸ்டிக் அரிசிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் முள் நின்றால் நிம்மதி.

ஆகஸ்டில் கம்பியை பஸ்ஸின் மேல் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஸ்டோர் மூடிப் பல வருடமாகிறது. நாலு மாடி, தகரம் போர்த்திய சுவர், மாடிக்குப் பதினாலு சன்னல். இவ்வளவு சன்னல் எதற்கு என்று சின்னப் பிள்ளையில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். கொழுந்து வாடுவதற்கு. பறித்த கொழுந்தில் இருக்கும் ஈரம் போய்த் துவண்டால்தான் ரோலரில் முறுக்க வரும். பழைய காலத்தில் மேல்மாடிகளில் சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் பரப்பி, சன்னலைத் திறந்து காற்று விட்டு இரவு முழுக்க வாட்டுவார்கள். காத்தாடி வைத்த தொட்டிகள் பிறகுதான் வந்தன. அப்பா அந்த மாடியில்தான் இருந்தார். ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோரைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே உடம்புதான்.

மாமாவும் வந்தார். நான் ஸ்டோருக்கு முன்னால் கம்பியைப் பொருத்திக்கொண்டிருக்க, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாத்துக்கு இந்தப் பாடு? மேலே பெரட்டுக் களத்துக்குப் போயேன்."

பெரட்டுக் களம் ஸ்டோருக்கு எதிர்மேட்டில் இருக்கிறது. காலையில் பேர் போடக் கூடுகிற இடம். ஏறிப்போய் நின்று பார்த்தேன். எதிரே நேராக மூன்றாம் மாடிச் சன்னல். கெமராவைச் சாய்க்கவே வேண்டாம். அடியும் உச்சியும் இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்தன. முப்பது வருடம் பார்த்த மேடு. ஒன்பதாயிரம் ரூபாய்க் கம்பி கீழே ஸ்டோர் வாசலில் கிடந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்தை எடுக்கப் போனாலும் முதலில் எதிரே மேடு இருக்கிறதா, வளைவுப் பாதை இருக்கிறதா என்று பார்க்கிறேன். டவுனில் எதிர்க்கட்டடத்து மாடிப்படிக்கட்டும் மேடுதான், வாசலில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால். ஒன்றும் இல்லாத இடத்துக்குத்தான் கம்பி.

படத்தைப் பெரிதாக அச்சடித்து மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்றாம் மாடியில் விரலை வைத்து இடமிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனார். ஒன்பதில் நிறுத்தினார்.

"இதுக்குக் கண்ணாடி கெடயாது. தகரம். நானும் ஒங்கப்பாவும் அடிச்சது."

உற்றுப் பார்த்தேன். தகரம்தான். நாலு மூலையிலும் ஆணித் தலை தெரிந்தது.